கெர்னல் நிரலில் ஸ்டாக் பயன்பாட்டைக் குறைப்பது எப்படி

லினக்ஸில் ஓடும் ஒரு பயனர் நிரலின் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் உள்மாறிகளும் திரும்பு முகவரிகளும் அடுக்கப்படும் நினைவகம்) வழக்கமாக 8 மெகாபைட் வரை வளரலாம். அதே நிரல் ஒரு சிஸ்டம் கால் (சேவை கேட்கும் அழைப்பு) வழியாக, இயக்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நுழைந்ததும், எக்ஸ்86-64 கணினியில் அதற்குக் கிடைக்கும் ஸ்டாக் 16 கிலோபைட்தான். 512இல் ஒரு பங்கு. பயனர் ஸ்டாக் போதாமல் போனால் பேஜ் ஃபால்ட் (இன்னும் ஒதுக்காத பக்கத்தைத் தொட்டதற்கான குறுக்கீடு) நிகழும், கெர்னல் புதிய பக்கத்தைச் சேர்த்துக் கொடுக்கும், நிரலுக்கு எதுவும் தெரியாது. கெர்னல் ஸ்டாக்கிற்கு அந்த வசதி கிடையாது; பேஜ் ஃபால்ட்டைக் கவனிக்கும் நிரல் ஓடுவதற்கே ஸ்டாக் வேண்டும் என்பதால், தொடக்கத்தில் ஒதுக்கிய அளவோடுதான் அந்த த்ரெட் (நிரலின் ஒரு தனி ஓட்டம்) தன் காலம் முழுவதையும் கழிக்க வேண்டும். அளவை விருப்பம்போல் கூட்டவும் முடியாது. உறங்கிக் கிடக்கும் த்ரெட்டும் தன் ஸ்டாக்கை வைத்துக்கொண்டே இருப்பதால், 10,000 த்ரெட்கள் உள்ள கணினியில் 16 கிலோபைட் வீதம் ஏறத்தாழ 156 மெகாபைட் இதற்கே போய்விடுகிறது.

2014 வரை எக்ஸ்86-64இல் இந்த அளவு 8 கிலோபைட்டாகவே இருந்தது. நினைவகம் தட்டுப்படும் வேளையில் பக்கங்களை வெளியேற்றும் பாதை வட்டுச் சேமிப்பைக் கையாளும் பிளாக் அடுக்கைக் கடந்து, மெய்நிகர் கணினிகளுக்கான விர்ட்ஐஓ டிரைவர் வரை நீண்டு 8 கிலோபைட்டைத் தாண்டிய ஒரு நிகழ்வுக்குப் பின், 3.15 பதிப்பில் அது 16 கிலோபைட்டாக உயர்ந்தது. அந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது, எந்த ஒரு ஃபங்ஷனும் தனியாகப் பெரிய குற்றவாளியாக இல்லை என்பதே. நூறு, இருநூறு பைட் எடுத்த பல ஃபங்ஷன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்ததில்தான் இடம் தீர்ந்தது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: ஒரு ஃபங்ஷன் எத்தனை பைட் எடுக்கிறது என்பதோடு, அந்த பைட்கள் பிடிபட்டிருக்கும்போது அதற்குக் கீழே இன்னும் எவ்வளவு ஆழம் போக வேண்டியிருக்கிறது?

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பது பதிப்பையும் அமைப்பையும் பொறுத்தது. முன்பு ஸ்டாக்கின் கீழ் நுனியிலேயே த்ரெட்_இன்ஃபோ என்ற கட்டமைப்பு இருந்தது. வழிந்த ஸ்டாக் அதன்மேல் எழுதிவிட்டு, எங்கோ வேறிடத்தில், தொடர்பே இல்லாத ஒரு பிழையாக வெளிப்படும். 2016இல் வெளியான 4.9 பதிப்பில் எக்ஸ்86-64இன் கெர்னல் ஸ்டாக்கை விஎம்ஏபி பரப்பில் (சிதறிய பக்கங்களைத் தொடர் முகவரிகளில் காட்டும் பரப்பு) வைத்து, அதன் எல்லையில் காவல் பக்கம் ஒன்றை நிறுத்தும் வசதி வந்தது. இப்போது எல்லையைத் தொட்டவுடன் டபுள் ஃபால்ட் (ஒரு ஃபால்ட்டைக் கையாள முயலும்போதே எழும் இன்னொன்று) எழுந்து, குற்றம் நடந்த இடமே பதிவாகிறது. கணினி விழத்தான் செய்கிறது, ஆனால் பொய் சொல்லாமல் விழுகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

எந்த மாறியையும் இடம் மாற்றுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். ஊகித்துத் திருத்துபவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பெரிய அணியைத்தான் நீக்குவார்கள். சிக்கல் வேறு பாதையில் இருக்கும்.

கம்பைல் நேரத்தில் உதவ மூன்று கருவிகள் உள்ளன. முதலாவது, கெர்னல் அமைப்பில் உள்ள ஃப்ரேம்_வார்ன் என்ற தேர்வு. ஒரு ஃபங்ஷனின் ஃப்ரேம் (ஸ்டாக்கில் அது எடுக்கும் இடம்) குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கம்பைலர் எச்சரிக்கும். 64 பிட் அமைப்புகளில் இந்த வரம்பு பொதுவாக 2048 பைட், 32 பிட்டில் பொதுவாக 1024 பைட். இரண்டாவது, மேக் செக்ஸ்டாக் என்ற கட்டளை. அது கட்டமைத்து முடித்த கெர்னலையும் மாட்யூல்களையும் பிரித்துப் படித்து, அதிக ஸ்டாக் எடுக்கும் ஃபங்ஷன்களை இறங்குவரிசையில் தரும். மூன்றாவது, ஜிசிசி கம்பைலரின் எஃப்-ஸ்டாக்-யூசேஜ் தேர்வு. இது ஒவ்வோர் ஆப்ஜெக்ட் கோப்புக்கும் எஸ்யூ என்று முடியும் பெயரில் ஒரு துணைக்கோப்பை எழுதி, ஒவ்வொரு ஃபங்ஷனும் எடுக்கும் பைட்டையும், அந்த அளவு நிலையானதா ஓட்டத்தின்போது மாறுவதா என்பதையும் குறிக்கும். கெர்னல் மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள ஸ்டாக்யூசேஜ் என்ற சிறு நிரல் இக்கோப்புகளைத் திரட்டித் தருகிறது; ஸ்டாக்டெல்டா என்பது இரண்டு கட்டமைப்புகளின் திரட்டுகளை ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் காட்டுகிறது. இந்த ஒப்பீட்டைப் பலர் பயன்படுத்துவதில்லை; பயன்படுத்தத் தொடங்கியவர் விடுவதில்லை.

இவை மூன்றும் தனித்தனி ஃபங்ஷன்களின் எடையைச் சொல்லுமே தவிர, அவை எந்த வரிசையில் அடுக்கப்படும் என்பதைச் சொல்லமாட்டா. ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக நடக்கும் அழைப்புகள் கெர்னலில் எங்கும் நிறைந்திருப்பதால், மூலநிரலைப் பார்த்து அழைப்புச் சங்கிலியை முழுமையாகக் கணிப்பதும் நடவாத காரியம். அதற்கு ஓட்டத்தின்போது அளக்க வேண்டும். கெர்னலின் தடமறியும் வசதியான எஃப்ட்ரேஸின் பகுதியான ஸ்டாக் ட்ரேசரைக் கட்டமைப்பில் சேர்த்து, ப்ராக் கோப்பமைப்பில் சிஸ், கெர்னல் அடைவுகளின் கீழுள்ள ஸ்டாக்_ட்ரேசர்_எனேபிள்ட் கோப்பில் 1 என்று எழுதினால், அதுவரை கண்டவற்றுள் மிக ஆழமான ஸ்டாக் நிலையைக் கெர்னல் நினைவில் வைத்துக்கொள்ளும். ட்ரேசிங் அடைவில் ஸ்டாக்_மேக்ஸ்_சைஸ் கோப்பு மொத்த அளவையும், ஸ்டாக்_ட்ரேஸ் கோப்பு அந்தக் கணத்தில் அடுக்கில் இருந்த ஃபங்ஷன்களை ஒவ்வொன்றின் பங்கோடும் காட்டும். உங்கள் வேலை தொடங்க வேண்டிய இடம் இந்தப் பட்டியல்தான். டீபக்_ஸ்டாக்_யூசேஜ் என்ற தேர்வும் துணைக்கு உண்டு. ஒரு செயல் முடியும்போது, இதுவரை இல்லாத அளவுக்கு அதன் ஸ்டாக்கில் மிச்சம் குறைந்திருந்தால், எத்தனை பைட் மிஞ்சியிருந்தது என்று பதிவேட்டில் எழுதும்.

ஓட்ட அளவீடு, நடந்த பாதையை மட்டுமே அறியும். வெறுமனே இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் எடுத்த எண் ஆறுதல் தருமே தவிர உண்மையைத் தராது. நினைவகத்தை இறுக்கி, ஸ்வாப் ஓடவிட்டு, கோப்பமைப்புக்குக் கீழே குறியாக்க அடுக்கும் ரெய்டு அடுக்கும் வைத்து, முடிந்தால் வலைவழிச் சேமிப்பையும் சேர்த்து ஓட்டுங்கள். அதே வேளையில், நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவியான கேசான் இயக்கப்பட்ட கட்டமைப்பில் கிடைத்த எண்களை நம்பி உங்கள் நிரலை வளைக்க வேண்டாம். அது மாறிகளைச் சுற்றிக் காவல் இடம் விடுவதால் ஃப்ரேம்கள் ஊதிப்போகும். அதை ஈடுகட்டவே அக்கட்டமைப்பில் ஸ்டாக் அளவும் இரட்டிப்பாகிறது.

ஃப்ரேமின் எடை அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது

ஒரு ஃபங்ஷன் 700 பைட் எடுத்து, ஓர் எழுத்துச்சரத்தை அமைத்து, உடனே திரும்பிவிடுகிறது என்று கொள்வோம். பெரும்பாலான நேரங்களில் அதனால் தீங்கில்லை. அது சங்கிலியின் கடைசிக் கண்ணி. இன்னொரு ஃபங்ஷன் 300 பைட்தான் எடுக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டே பிளாக் அடுக்கை அழைக்கிறது என்றால், அந்த 300 பைட் கீழே நடக்கும் அனைத்திற்கும் மேல் சுமையாக நிற்கும். செக்ஸ்டாக் பட்டியலில் முதலாவது மேலே இருக்கும், இரண்டாவது பக்கம் தள்ளிக் கிடக்கும். திருத்த வேண்டியது இரண்டாவதைத்தான்.

கம்பைலரின் ஒரு பழக்கத்தையும் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். ஃபங்ஷனுக்குள் நுழையும்போதே அதன் எல்லாக் கிளைகளுக்கும் வேண்டிய இடம் ஒரே மூச்சில் ஒதுக்கப்படுகிறது. அபூர்வமாக எட்டும் ஒரு பிழைக் கிளையில் மட்டும் 256 பைட் பஃபர் இருந்தாலும், பிழையே நேராத ஒவ்வோர் அழைப்பும் அந்த 256 பைட்டைச் சுமக்கும். பஃபரை வேறு ஸ்டாட்டிக் ஃபங்ஷனுக்கு மாற்றினால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் ஒரே இடத்திலிருந்து அழைக்கப்படும் ஸ்டாட்டிக் ஃபங்ஷனைக் கம்பைலர் பெரும்பாலும் அழைத்தவருக்குள்ளேயே கரைத்துவிடும், பஃபரும் பழைய இடத்திற்கே திரும்பிவிடும். இதைத் தடுக்கத்தான் கெர்னலில் நோஇன்லைன்_ஃபார்_ஸ்டாக் என்ற குறியீடு இருக்கிறது. அதன் பொருள் நோஇன்லைன், அதாவது 'கரைக்காதே' என்பதுதான். பெயர் நீண்டது, பின்னால் வருபவர் காரணத்தை அறிந்து அதை நீக்காமல் இருப்பதற்காக. கனமான பஃபரைக் கையாளும் பகுதியை இக்குறியீட்டோடு தனியே பிரித்துவிட்டால், அது வேலையை முடித்துத் திரும்பியதும் இடம் விடுபடும். ஆழமான அழைப்பு அதன்பிறகு மெலிந்த ஃப்ரேமிலிருந்து தொடங்கும். ஆழமான அழைப்பே பிரிக்கப்பட்ட ஃபங்ஷனுக்குள் இருந்தால் பயன் ஏதுமில்லை, கூடுதலாக ஒரு திரும்பு முகவரிதான் மிச்சம்.

சாதனங்களுக்கான பல கட்டளைகளைக் கையாளும் ஐஓகன்ட்ரோல் ஃபங்ஷன்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஸ்விட்ச் கூற்றின் ஒவ்வொரு கிளையும் தனக்கென ஒரு ஸ்ட்ரக்டை அறிவிக்கும்போது, ஒரே நேரத்தில் உயிரோடு இல்லாத மாறிகளுக்குக் கம்பைலர் ஒரே இடத்தைப் பகிர்ந்து தரலாம், தராமலும் போகலாம். அவற்றின் முகவரிகள் வெளியே அனுப்பப்படுவது, கரைந்த ஃபங்ஷன்கள், கண்காணிப்புக் கருவிகள் எல்லாம் அந்தப் பகிர்வைக் குலைக்கக்கூடும். கம்பைலரின் நல்லெண்ணத்தை நம்பாமல் ஒவ்வொரு கிளையையும் தனி ஃபங்ஷனாக்குவது தெளிவான வழி; அது இயலாத இடத்தில் ஒரு யூனியனுக்குள் எல்லா ஸ்ட்ரக்டுகளையும் வைப்பது அடுத்த வழி.

ஹீப்புக்கு நகர்த்தும்போது

பெரிய பஃபரை, கெர்னலின் ஒதுக்கீட்டு ஃபங்ஷனான கேமல்லாக் வழியாக ஹீப்பில் (ஸ்டாக்கிற்கு வெளியே, கேட்டுப் பெறும் நினைவகம்) ஒதுக்குவது எல்லோரும் அறிந்த தீர்வு. அதில் உள்ள பொறிகள் அவ்வளவாக அறியப்படாதவை. முதல் பொறி, கேமல்லாக்கும் ஒரு ஃபங்ஷன் அழைப்புதான் என்பது. தேவையானால் காத்திருக்கலாம் என்று அனுமதிக்கும் ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு அழைத்து, நினைவகம் குறைவாக இருந்தால், அந்த அழைப்பு தன் சொந்த த்ரெட்டின் ஸ்டாக்கிலேயே பக்கங்களை மீட்கும் பணியில் இறங்கும். அது சுருக்கிகளையும் (கேஷ்களைக் குறைக்கும் ஃபங்ஷன்கள்) கோப்பமைப்பு நிரலையும் ஸ்வாப் பாதையையும் தொடக்கூடும். 200 பைட்டை மிச்சப்படுத்த எண்ணி, ஏற்கெனவே ஆழத்தில் இருக்கும் ஒரு ஃபங்ஷனில் கேமல்லாக்கை நுழைத்தால், சில ஆயிரம் பைட் ஆழமான ஒரு புதிய கிளையை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். எனவே பஃபரைச் சங்கிலியின் மேல் முனையில், ஸ்டாக் இன்னும் ஆழமாகாத இடத்தில் ஒதுக்கி, பாயிண்டரைக் கீழே அனுப்புங்கள். அப்படி ஒரு கட்டமைப்பு ஏற்கெனவே கைமாறிக்கொண்டிருந்தால், பஃபரை அதிலேயே ஒரு உறுப்பாக்கிவிடலாம். அப்போது கீழ்மட்டத்தில் ஒதுக்கீடு தோல்வியுறும் கேள்வியே எழாது. கோப்பமைப்பின் பூட்டுகளைப் பிடித்திருக்கும் பகுதிகளில் மெம்அல்லாக்_நோஎஃப்எஸ்_சேவ் என்பதால் எல்லையிட்டுக்கொள்வது பூட்டுச் சிக்கலைத் தவிர்ப்பதோடு, கோப்பமைப்புக்குள் மீண்டும் நுழையும் ஆழத்தையும் அடைத்துவிடும். உறங்கக் கூடாத இடங்களில் காத்திருக்காமல் ஒதுக்கும் ஜிஎஃப்பி_அடாமிக் தவிர வழியில்லை. அது எளிதில் தோற்கும் என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் எழுத வேண்டும்.

இரண்டாவது பொறி சைஸ்ஆஃப். அணி பாயிண்டராக மாறியதும், சைஸ்ஆஃப் பஃபரின் அளவைத் தராமல் பாயிண்டரின் அளவைத் தரும். 64 பிட்டில் அது 8. மெம்செட் போன்ற சில ஃபங்ஷன்களில் கம்பைலர் இதைப் பிடித்துவிடும், நாமே எழுதிய உதவி ஃபங்ஷன்களில் பிடிக்காது. சாதனப் பெயர்கள் எல்லாம் ஏழு எழுத்தோடு அறுந்துபோய்ப் பதிவேட்டில் வந்ததைப் பார்த்து, வன்பொருளைச் சந்தேகித்து நான் அரை நாளைத் தொலைத்ததுண்டு. அளவை ஒரு மாறிலியாக அறிவித்து, ஒதுக்கும் இடத்திலும் பயன்படுத்தும் இடத்திலும் அதையே எழுதுவது பாதுகாப்பு.

மற்றவை சுருக்கமாக. தொடக்க மதிப்பாகச் சுழி இட்டிருந்த ஸ்ட்ரக்டை நகர்த்தும்போது கேஇசட்அல்லாக்கைப் பயன்படுத்த வேண்டும். இல்லையேல் பழைய நினைவகத் துணுக்குகள் பயனர் பக்கத்திற்குக் கசியும். ஸ்டாக்கிற்கென்றே உள்ள கம்ப்ளீஷன் (ஒரு பணி முடிந்ததை அறிவிக்கும் அமைப்பு) மேக்ரோவை நீக்கி, இனிட்_கம்ப்ளீஷனைப் பயன்படுத்த வேண்டும். இடையில் திரும்பும் ஒவ்வொரு பிழைப் பாதையும் நினைவகத்தை விடுவிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்மைய கெர்னல்களில் மாறியின் எல்லை முடிந்ததும் தானாகவே கேஃப்ரீ நடக்கச் செய்யும் குறியீடு இருப்பதால் இந்த வேலை எளிதாகியிருக்கிறது. டிஎம்ஏவுக்கு (சாதனம் நினைவகத்தை நேரடியாக அணுகும் முறை) தரப்படும் பஃபர் ஸ்டாக்கில் இருந்தால் அது சிறியதாயினும் நகர்த்தியே ஆக வேண்டும். விஎம்ஏபி ஸ்டாக் வந்தபின் அத்தகைய நிரல்கள் உடைந்தன, பல யூஎஸ்பி டிரைவர்கள் இதற்காகவே திருத்தப்பட்டன.

ஒவ்வொரு சிறு பஃபரையும் ஹீப்புக்குத் தள்ளுவதும் சரியன்று. பெரும்பாலான அழைப்புகளுக்குச் சிறிய இடமே போதும் என்றால், சிறியதை ஸ்டாக்கிலும் பெரியதை ஹீப்பிலும் வைக்கும் இரட்டை வழி கெர்னலிலேயே உண்டு. போல் சிஸ்டம் கால் 256 பைட் அளவுக்கு ஸ்டாக்கில் இடம் வைத்துக்கொண்டு, கண்காணிக்க வேண்டிய கோப்புகள் அதற்குமேல் போனால் மட்டுமே ஒதுக்கீட்டை நாடுகிறது. வீடியோ சாதனங்களுக்கான பொது ஐஓகன்ட்ரோல் நிரலும் 128 பைட் வரை இப்படியே செய்கிறது.

அறிவிப்பின் வடிவிலேயே மறைந்திருப்பவை

சில சுமைகள் நிரலைப் படிக்கும்போது கண்ணில் படுவதில்லை. ஃபங்ஷனுக்குள் கான்ஸ்ட் என்று மட்டும் அறிவித்த ஒரு மதிப்பட்டவணை, ஒவ்வோர் அழைப்பிலும் ஸ்டாக்கில் நிரப்பப்படலாம்; ஸ்டாட்டிக் கான்ஸ்ட் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அது படிக்க மட்டுமேயான தரவுப் பகுதிக்குப் போய்விடும். இந்த வழிகாட்டியில் செலவே இல்லாத திருத்தம் இதுதான். ஆனால் மாறக்கூடிய பஃபரை ஸ்டாட்டிக் ஆக்கிவிட எண்ணாதீர்கள்: இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் நுழைந்தால் தரவு கலந்துவிடும், பூட்டுப் போட்டால் வேகம் போய்விடும். ஸ்ட்ரக்டை மதிப்பாக அனுப்புவது, மதிப்பாகத் திருப்புவது, ஒரு பெரிய ஸ்ட்ரக்டுக்கு முழு மதிப்பையும் ஒரே கூற்றில் ஒதுக்குவது ஆகியவையும் தற்காலிகப் பிரதிகளை உருவாக்கக்கூடும். பாயிண்டரை அனுப்பி, உறுப்புகளைத் தனித்தனியே நிரப்புவது மேல்.

செயலிகளின் தொகுப்பைக் குறிக்கும் சிபியூமாஸ்க் வகை இன்னொரு மறைமுகச் சுமை. செயலிக்கு ஒரு பிட் வீதம் 8192 செயலிகளுக்குக் கட்டமைத்த கெர்னலில் ஒரேயொரு சிபியூமாஸ்க் மாறி 1024 பைட் எடுக்கும். சொந்தக் கணினியில் எட்டு செயலிகளை வைத்துச் சோதிப்பவருக்கு இது தெரியவே வராது. சிபியூமாஸ்க்_வர்_டி வகையையும் அதற்குரிய ஒதுக்கீட்டு ஃபங்ஷனையும் பயன்படுத்தினால், பெரிய கட்டமைப்பில் ஹீப்பிலும் சிறிய கட்டமைப்பில் ஸ்டாக்கிலும் அது தானாக அமையும். கோப்புப் பாதைக்கான பஃபரும் அப்படித்தான்: பாத்_மேக்ஸ் என்பது 4096 பைட், முழு ஸ்டாக்கில் கால்வாசி. அதை ஒருபோதும் ஸ்டாக்கில் அறிவிக்கக் கூடாது. அதற்கென்றே, இரண்டு அடிக்கோடுகளோடு தொடங்கும் __கெட்நேம் என்ற மேக்ரோ இருக்கிறது.

ஓட்டத்தின்போது நீளம் முடிவாகும் அணிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் வெளியான 4.20 பதிப்போடு கெர்னலிலிருந்து அவை களையப்பட்டு, மீண்டும் நுழைந்தால் கம்பைலர் எச்சரிக்கும்படி செய்யப்பட்டுள்ளது. பழைய வெளி மாட்யூலைப் பராமரிப்பவர், உச்ச அளவு சிறியதாக இருந்தால் நிலையான அணியையும், இல்லையேல் ஒதுக்கீட்டையும் பயன்படுத்தலாம்.

ஆழத்தையே குறைப்பது

ஃப்ரேம்களை மெலியச் செய்வதற்கு ஒரு எல்லை உண்டு. அதன்பின் சங்கிலியைத்தான் சுருக்க வேண்டும். தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன் கெர்னலில் இருந்தால், அதன் ஆழத்தைப் பயனர் தரும் தரவு தீர்மானிக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஆம் என்றால் அது பாதுகாப்புக் குறை. இதற்கு நல்ல பாடம் சிம்லிங்க்குகளின் (வேறொரு பாதையைச் சுட்டும் கோப்புகள்) கதை: ஒன்றுக்குள் ஒன்றாக வரும் சிம்லிங்க்குகளை லினக்ஸ் முன்பு தன்னழைப்பு வழியாகத் தொடர்ந்ததால், உள்ளடுக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது என்று தடுக்க வேண்டியிருந்தது. 2015இல் வந்த 4.2 பதிப்பில் அது சுழற்சியாக மாற்றப்பட்டது. இப்போது இரண்டு நிலைகளுக்கான இடம் மட்டும் ஸ்டாக்கில் இருக்கிறது, அதற்கு மேல் தேவைப்பட்டால் ஹீப்பில் ஒதுக்கப்படுகிறது, மொத்த வரம்பு 40. உங்கள் நிரலிலும் மரத்தையோ பட்டியலையோ தன்னழைப்பால் கடக்கும் இடத்தில், நிலையை வெளிப்படையாக ஒரு சிறு அமைப்பில் வைத்துச் சுழற்சியாக்குவதே வழி. அடுக்கடுக்காக அமைந்த பிளாக் சாதனங்களிலும் இதே சிந்தனைதான்: கீழ்ச் சாதனத்துக்குரிய கோரிக்கையை உடனே அழைத்து இறங்காமல், நடப்பு த்ரெட்டின் பட்டியலில் வைத்துவிட்டு, மேல் ஃபங்ஷன் திரும்பியபின் அதை எடுத்து நடத்துகிறது கெர்னல்.

சங்கிலியைச் சுருக்க இயலாதபோது வேலையை வேறொரு ஸ்டாக்கிற்கு மாற்றலாம். எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்பு, ஆழமான இட ஒதுக்கீட்டுப் பணியை ஒர்க்கியூ (பணியாள் த்ரெட்களிடம் வேலையை ஒப்படைக்கும் வரிசை) ஒன்றிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முறையைக் கையாண்டது. பணியாள் த்ரெட் காலியான ஸ்டாக்கோடு தொடங்குவதால் ஆழச் சிக்கல் தீர்கிறது. விலையாகத் த்ரெட் மாறும் தாமதமும், காத்திருக்கும்போது பூட்டுகள் சிக்கிக்கொள்ளும் அபாயமும் வருகின்றன. நினைவக மீட்புப் பாதையில் இருந்து இப்படிச் செய்தால், அந்த ஒர்க்கியூவை, ஒரு பணியாளை முன்கூட்டியே உறுதிசெய்யும் டபிள்யூகியூ_மெம்_ரீக்ளெய்ம் கொடியோடு உருவாக்காவிடில், புதிய பணியாளை உருவாக்க நினைவகம் இல்லாமல், நினைவகம் வரப் பணியாள் இல்லாமல் எல்லாம் உறைந்து நிற்கும். இதை நான் கடைசி வழியாகவே கொள்கிறேன்.

திருத்தம் முடிந்ததும், ஸ்டாக்டெல்டாவை முன்பின் கட்டமைப்புகளின்மேல் ஓட்டி, குறைந்த பைட்டோடு எங்காவது கூடியதையும் பாருங்கள். ஒரு ஃபங்ஷன் மெலிந்ததால் கம்பைலர் அதை இன்னொன்றுக்குள் கரைத்து, அங்கே ஊதவைத்திருக்கலாம். ஜிசிசி, கிளாங் இரண்டிலும், 32 பிட்டிலும் 64 பிட்டிலும் சோதியுங்கள். ஃப்ரேம்_வார்ன் வரம்பை உயர்த்தி எச்சரிக்கையை அடக்குவது திருத்தம் ஆகாது. பேட்சின் விளக்கக் குறிப்பில், எந்தக் கம்பைலரில், எந்தக் கட்டமைப்பில், எந்த ஃபங்ஷன் எத்தனை பைட்டிலிருந்து எத்தனை பைட்டுக்கு வந்தது என்பதையும், அந்த ஃபங்ஷன் எந்த ஆழமான பாதையில் நிற்கிறது என்பதையும் ஸ்டாக் ட்ரேசரின் பட்டியலோடு எழுதுங்கள்.